உள்ளே போனது, வெளியே வந்தது

ஆகஸ்ட் 19

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு, இரண்டையும் மில்லி கணக்கில் குறித்துக் காட்ட வேண்டுமாம். நர்ஸ்களும் ஒரு அட்டையில் குறிக்கிறார்கள். அதை நான் நம்பத் தயாராக இல்லை. காலையில் என் வீட்டுக்காரர் குடித்த கஞ்சியை இருநூறு என்று போட்டிருந்தார்கள். அதில் பாதி வாந்தியில் போனதை யார் கழிப்பது? இருபத்து நான்கு வருஷமாகப் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் விலங்கியல் எடுக்கிறவள் நான். அளவுக் குடுவையில் அரைக்கோடு தவறினால் ரெக்கார்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆகவே பழைய பாடக்குறிப்பு நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் நானே எழுதுகிறேன். டாக்டருக்குத் தனித் தாளில் நகல் எடுத்துக் கொடுப்பேன். நோட்டு எனக்கு.

உள்ளே: கஞ்சி 100, குடிக்கிற வெள்ளம் 150. வெளியே: 40.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் கிறிஸ்துதாஸ். குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எழுபது ரப்பர் மரம் நிற்கிறது, எல்லாவற்றையும் அவரே வெட்டிப் பால் எடுப்பார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இதற்கு முன் அவர் படுத்ததில்லை. போன வியாழக்கிழமை விக்கல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை முதுகு வலி, குமட்டல். சனிக்கிழமை என்னிடம் வந்து, காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். நேற்று மார்த்தாண்டத்தில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். கிரியாட்டினின் எட்டு. ஜூலையில் எடுத்தபோது ஒன்றுக்கும் கீழே இருந்தது. அப்போது எல்லாமே சரியாக இருந்தது, கொழுப்பைத் தவிர.

டாக்டர் சுபிதா சின்ன வயதுக்காரி, என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். வலி மாத்திரை போட்டாரா, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அது உண்மை. புளிச்சக்காயை இந்தப் பக்கத்தில் யாரும் மருந்து என்று சொல்வதில்லை. மீன் குழம்பில் போடுகிறோம், ஊறுகாய் போடுகிறோம். அடுக்களைக்குப் பின்னால் மரம் நிற்கிறது, அடி முதல் நுனி வரை விரல் நீளத்தில் பச்சைக் காய்.

ஆகஸ்ட் 20

கழுத்தில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ். வெளியே: 35.

ஆகஸ்ட் 22

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பாட்டில் சாறு மீதமிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றி, பாட்டிலைக் கழுவினேன். மூலையில் கிடந்த காய்களையும் சக்கையையும் வாழைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து போனில் தேடினேன். கேரளத்தில் இப்படிப் பலருக்கு ஆகியிருக்கிறது. காயில் ஆக்சாலிக் அமிலம். படித்தேன். போனை மூடிவிட்டேன்.

கொழுப்பைப் புளிப்பு கரைக்கும் என்று வாட்சப்பில் வந்தது. ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்களுக்கு அதை விளக்கிச் சொன்னதே நான்தான். அதில் போட்டிருந்தது தினம் மூன்று காய். நான் இருபது காயை மிக்சியில் அடித்து, வெள்ளம் சேர்க்காமல் துணியில் பிழிந்து, ஒரு கிளாஸ் நிறையக் கொடுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை.

அவருக்குப் புளிப்பே ஆகாது. மீன் குழம்பில் ஒரு காய் கூடிப்போனாலும் முகம் கோணும். அந்தச் சாற்றை மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

வெளியே: 60.

ஆகஸ்ட் 26

மூன்று டயாலிசிஸ் ஆகிவிட்டது. இன்று அரைநாள் பள்ளிக்கூடம் போனேன். கழிவு நீக்கப் பாடம் பாதியில் நிற்கிறது, காலாண்டுத் தேர்வு வருகிறது. லீவை நீட்டிக்கவும் முடியாது.

பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. நெஃப்ரான் படத்தைப் போர்டில் வரைந்தேன். கை தானாக வரைந்தது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டப்படுகிறது, வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான், மீதி எங்கே என்று கேட்டேன். எல்லா வருஷமும் கேட்கிற கேள்வி. நுண்குழலின் சுவரில் இருக்கும் செல்கள் சர்க்கரையை, உப்பை, வெள்ளத்தைப் பிடித்துத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கின்றன. அது மீள உறிஞ்சுதல். வடிகட்டியில் அகப்படாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்ட வேண்டாதவற்றை அதே செல்கள் எட்டிப் பிடித்துக் குழலுக்குள் தள்ளுகின்றன. அது சுரத்தல். இப்படி இரண்டு வேலையையும் ஒரே சுவர் செய்கிறது.

முன் பெஞ்சில் அபிஷா என்று ஒருத்தி. வாய் ஓயாது. எழுந்து நின்று கேட்டாள்.

"அப்போ வெஷம் வந்தா மொதல்ல தொடுறது அந்த செல்லாக்குமா டீச்சர்? தொட்டா அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

ஆகும் என்றேன். படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆக்சாலேட்டையும் அந்தச் செல்கள்தான் ரத்தத்திலிருந்து எடுத்துக் குழலுக்குள் தள்ளுகின்றன. அங்கே அது கால்சியத்தோடு சேர்ந்து கல்துகள் ஆகிறது. உடம்பைக் காப்பாற்றத் தள்ளியதே குழலை அடைத்துவிடுகிறது. இது பாடப்புத்தகத்தில் இல்லை, கேள்வித்தாளிலும் வராது.

வெளியே: 90.

ஆகஸ்ட் 30

வெளியே: 420.

யூரின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று முறை அளவு பார்த்தேன். பிறகு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுத டீச்சர் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சொன்னாள், செத்துப்போன செல்களின் இடத்தில் புதிதாக முளைக்கின்றனவாம். அவற்றுக்கு முதலில் வேலை தெரியாது, வருகிற வெள்ளத்தையெல்லாம் அப்படியே விட்டுவிடும், அதனால் இனி நிறையப் போகும், பயப்படாதீர்கள் என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அவள் வாயால் கேட்பது நன்றாக இருந்தது.

செப்டம்பர் 4

வீட்டுக்கு வந்தோம். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிரியாட்டினின் 3.4, இறங்குமுகம். நேற்று வெளியே: 1900.

டாக்டர் வாசலில் மறுபடியும் கேட்டாள், எதனால் வந்தது என்று தெரியாமல் அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை, யோசித்துப் பாருங்கள் என்று. யோசிக்கிறேன் என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போனால் பகலில் பார்த்துக்கொள்ள லீலா அக்கா வந்திருக்கிறாள். அவருடைய ஒரே அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள். அண்டியாபீசில் முந்திரி உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்ததும் கஞ்சி வைத்து மூன்று டம்ளரில் ஊற்றினாள். ஒன்று தம்பிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. நான் நின்றுகொண்டு குடிப்பதைப் பார்த்து, "இரி பிள்ளே, ஒனக்கும் ஒடம்புதானே இது" என்றாள்.

நோட்டில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அக்காவுக்கு எழுத்து நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 6

மரத்தை வெட்டிவிடலாம் என்று பேச்செடுத்தேன். ஈ வருகிறது என்று காரணம் சொன்னேன். அக்கா அடுக்களை ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். இப்படிக் காய்க்கிற மரத்தை ஈக்குப் பயந்து வெட்டுவார்களா என்று சிரித்தாள். அவரும் கட்டிலில் கிடந்தபடி, நிற்கட்டும் என்றார்.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் வெட்டியிருப்பார்கள். அடுத்த வாரம் ஆளைக் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9

பள்ளிக்கூடத்தில் ஆய்வு அதிகாரி வருகை. வீட்டுக்கு வர ஆறு ஆகிவிட்டது. நோட்டில் அக்கா எழுதியிருந்தது: சாயா 100, கஞ்சி 200, வெள்ளம் 100, வெள்ளம் 300. வெளியே: 1600.

செப்டம்பர் 10

வெளியே: 1050. வெயில் அதிகம். வியர்த்திருக்கும்.

செப்டம்பர் 11

வெளியே: 430.

விக்கல்.

செப்டம்பர் 12

காலையில் கொடியில் ஒரு வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் பச்சைக் கறை. சாறு பிழிய நான் வைத்திருந்த துணி. கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

அக்கா ஒளிக்கவில்லை. ஒளிக்க அவளுக்கு என்ன இருக்கிறது? அண்டியாபீசில் பக்கத்தில் உட்காருகிறவள் கொழுப்புக்கு நல்லது என்று சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்களே, அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று மூன்று நாளாகத் தினம் நூறு மில்லி கொடுத்திருக்கிறாள். அளவு மீறக்கூடாது என்று குடிக்கிற வெள்ளத்தில் நூறைக் குறைத்துக்கொண்டாள். நோட்டில் வெள்ளம் 100 என்று எழுதியது அந்தச் சாற்றைத்தான்.

"குடிக்கச்செலே ஒண்ணும் சொல்லல. வாங்கிக் குடிச்சிட்டுக் கிளாசத் தந்தான்."

புளிப்பு வயிற்றுக்கு ஆகாது அக்கா, இனிக் கொடுக்காதீர்கள் என்றேன். வயிற்றுக்கு என்றுதான் சொன்னேன். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

செப்டம்பர் 13

மறுபடியும் கழுத்தில் குழாய். டயாலிசிஸ். கிரியாட்டினின் 9.2. வெளியே: 50.

செப்டம்பர் 16

முதுகில் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர நான்கு நாள் ஆகும். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா வெளியே பெஞ்சில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தாள். என்னையும் கூப்பிட்டாள். பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவள் முடித்தபோது ஆமென் மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 20

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் மாற்றி எழுதிவிடுவேன்.

டாக்டர் சுபிதா கணினியில் படம் காட்டினாள். வரிசை வரிசையாக நுண்குழல்கள், குறுக்குவெட்டில் வட்டம் வட்டமாக. இருபத்து நான்கு வருஷமாக நான் போர்டில் வரைகிறது. வட்டங்களுக்குள் கண்ணாடிச் சில் போலப் பளபளவென்று துகள்கள். சுவரில் செல்களே இல்லாத வட்டங்களும் இருந்தன. இது ஆக்சாலேட், இந்தப் பக்கத்தில் இது வந்தால் நாங்கள் முதலில் கேட்பது புளிச்சக்காய் என்றாள் டாக்டர். அவர் சாய்ந்து கிடந்தார். அக்கா கால்மாட்டில் நின்றாள். நான் ஜன்னல் பக்கம்.

"நானாக்கும் குடுத்தேன்" என்றாள் அக்கா. "மூணு நாளு. எனக்குத் தெரியாது டாக்டரே. வெள்ளத்தெக் கொறச்சுத்தான் குடுத்தேன்."

அவள் அழவில்லை. கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அவளைத் திட்டவும் இல்லை. மூன்று நாள் சாறு இரண்டாவது அடிக்குக் காரணம், ஏற்கெனவே நொந்த சிறுநீரகம் தாங்கவில்லை, ஆனால் ஆகஸ்டில் வந்த முதல் அடிக்கு எது காரணம் என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆகஸ்ட்ல இந்தக் காய் எந்த வகையிலயாவது சாப்பிட்டாரா டீச்சர்?"

இல்லை என்றேன். குழம்பில் ஒன்றிரண்டு போட்டிருப்பேன் என்றேன்.

அவள் அவரிடம் திரும்பினாள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. பிறகு டாக்டரிடம் சொன்னார்.

"இல்ல டாக்டரே. எனக்குப் புளிப்புப் பிடிக்காது."

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 21

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையணை உறை மாற்றினேன். வெளியே: 40.

செப்டம்பர் 24

அக்கா சாப்பிடுவதில்லை. சர்ச்சிலிருந்து பார்க்க வந்த பெண்கள் எல்லாரிடமும், என் தம்பிக்கு நானே கெடுதல் செய்துவிட்டேன் என்று அவளாகச் சொல்கிறாள். அவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். இத்தனை படித்த டீச்சர் வீட்டில் இப்படி ஒரு விவரம் தெரியாதவள் வந்து சேர்ந்தாளே என்று ஒருத்தி என் காதோடு சொன்னாள். வெட்கமாக இருந்தது என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 27

இனி இந்தச் சிறுநீரகங்கள் தேற வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாள். குழல்கள் இருந்த இடமெல்லாம் தழும்பு கட்டுகிறது. வாரம் மூன்று டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

சொல்லி முடிக்கும் முன்பே அக்கா, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவருக்கும் ஒரே ரத்த வகை. என்னுடையது சேராது. அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். கெடுத்ததைத் தானே சரிசெய்துவிட ஒரு வழி கிடைத்த வெளிச்சம்.

டாக்டர் தலையை ஆட்டினாள். ஆகஸ்ட் மாதம் காரணமில்லாமல் ஆக்சாலேட் படிந்திருக்கிறது என்றால், பிறப்பிலேயே உள்ள குறையாக இருக்கலாம். சிலருடைய கல்லீரல் தானாகவே அதை அளவுக்கு மீறி உண்டாக்கும். அப்படி இருந்தால் புதுச் சிறுநீரகம் வைத்தாலும் அதிலும் துகள் படிந்து வீணாகும். கல்லீரலையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். கூடப்பிறந்தவளுக்கும் அதே குறை இருக்கலாம் என்பதால் அவளிடமிருந்து எடுக்கவும் முடியாது. மரபணுப் பரிசோதனை, பெரிய ஊர் ஆஸ்பத்திரி என்று என்னவெல்லாமோ சொன்னாள்.

அக்காவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. "அப்போ எங்க ரெத்தத்துலயே இருக்கா?" என்று கேட்டாள். தங்கள் அப்பாவும் கடைசியில் முகம் வீங்கித்தான் செத்தார் என்று நினைவுபடுத்திச் சொன்னாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள். அந்த மனிதர் குடித்துக் குடித்துச் செத்தார். குலசேகரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலைச் சாத்தப் போய்விட்டேன்.

செப்டம்பர் 30

காலாண்டு விடைத்தாள் திருத்தினேன். நுண்குழலின் பணிகளை விவரி, ஐந்து மதிப்பெண். அபிஷாவுக்கு ஐந்துக்கு ஐந்து. ஒருத்தி மீள உறிஞ்சுதலை மட்டும் எழுதிச் சுரத்தலை விட்டிருந்தாள். பாதி விடை என்று சிவப்பு மையில் எழுதி இரண்டரை போட்டேன்.

அக்டோபர் 1

அக்காவின் மகள் திருவட்டாற்றில் இருக்கிறாள். அவளுடைய குழந்தை நான்கு வயதுப் பெண், பெயர் ஜெனி. குடும்பத்தில் நோய் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாப்பிள்ளை வீட்டில் கேள்வி கிளம்பிவிட்டது. குழந்தைக்கும் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரி லேபுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அவசரமில்லை என்றாள், அவர்கள் கேட்கவில்லை.

குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அக்கா மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தை கத்தக் கத்த, "முடிஞ்சுது மக்களே, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடியவில்லை. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. கால் உதைக்காமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்தான் பிடித்தேன்.

அந்தக் கால் இன்னும் என் கையில் உதைக்கிறது.

அக்டோபர் 3

டாக்டருக்குத் தினம் நகல் எடுத்துக் கொடுக்கிற அதே தாளில், அதே கட்டம் போட்டு, இந்த நோட்டு தொடங்கும் முன்பான நாட்களை எழுதினேன்.

ஆகஸ்ட் 6. உள்ளே: புளிச்சக்காய்ச் சாறு 200, வெறும் வயிற்றில். கொடுத்தது மனைவி ஸ்டெல்லாபாய்.

ஆகஸ்ட் 7. அதே. 200.

ஆகஸ்ட் 8. அதே.

ஆகஸ்ட் 16 வரை எழுதினேன். மொத்தம் பதினொரு கிளாஸ். 'வெளியே' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது, அந்த நாட்களில் யாரும் அளக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது.

பயமாக இருக்கிறது. அவர் போய்விடுவாரோ என்று ஒன்றரை மாதமாக வருகிற பயம் அல்ல இது. நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். இத்தனை நாள் என்னை வாய் திறக்க விடாதது இதுதான். இவ்வளவு அற்பமான ஒன்றுதான்.

அக்டோபர் 4

டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டிக் கிடந்தார், அக்கா ஸ்டூலில். டாக்டர் சுற்றி வந்தபோது தாளை நீட்டினேன். அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். இவர்களுக்குக் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள் என்றாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி ஒவ்வொரு தேதியாக வாசித்தேன். வேறு மாதிரி வாசித்தால் முடித்திருக்க மாட்டேன்.

பதினொரு நாள், பதினொரு கிளாஸ் என்று முடித்தேன்.

அவர் மேலே கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளு பதினொண்ணு சரி. கிளாஸ் பன்னிரெண்டு. ஞாயிற்றுக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்தப்பறம் ஒண்ணு கூடத் தந்தா."

எனக்கு அது நினைவே இல்லை. அவர் எண்ணி வைத்திருக்கிறார். பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆகஸ்ட் 11க்கு எதிரே 200 என்பதை அடித்து 400 என்று திருத்தினேன். கையில் வந்தது சிவப்புப் பேனா.

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள். இவ்வளவு குடித்திருந்தால் ஆகஸ்டுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை, உறுதிக்காக மரபணுப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டு, பெரும்பாலும் அக்காவின் சிறுநீரகத்தைப் பார்க்கலாம் என்றாள். முதல் நாளே சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் காயைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன் என்றாள். பிறகு தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அக்கா எழுந்து என் பக்கம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"கொழந்தைக்க காலப் பிடிச்சிட்டு நின்னியே" என்றாள்.

அவ்வளவுதான். டிஃபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்திருந்தும் ஏன் டாக்டரிடம் இல்லை என்று சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவருக்குப் பேசவே மூச்சு வாங்கியது.

"நீ இல்லேன்னு சொன்னியே. நான் உண்டுன்னு சொன்னா ஒன்னப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆவாதா?"

குடித்தபோதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"நீ டீச்சராச்சே."

அக்டோபர் 5

மரத்தை வெட்டியாகிவிட்டது. ஆள் வந்து கேட்டான், இவ்வளவு காய் கிடக்கிறதே டீச்சர், எடுத்துக்கொள்ளவா என்று. ஏன் எடுக்கக்கூடாது என்பதை அவனுக்கு முழுதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் கையை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளிடமும் சொன்னேன். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சொல்ல வேண்டும். அங்கே எத்தனை பேர் என் பேச்சை நம்பிப் பிழிந்து குடிக்கிறார்களோ தெரியாது.

அக்டோபர் 9

பொருத்தம் பார்க்க அக்காவிடம் ஏழு குப்பி ரத்தம் எடுத்தார்கள். ஒருமுறை கூட முகம் திருப்பவில்லை. குழந்தையின் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, ஒன்றும் இல்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வார்டுக்கு வந்தாள். கேரியரைத் திறந்து கஞ்சி ஊற்றினாள். ஒரு டம்ளரைத் தம்பியின் கையில் கொடுத்தாள், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். பிறகு கேரியரை மூடிவிட்டாள்.

அவர் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தேன்.

உள்ளே: கஞ்சி 150. வெளியே: 20.